சொந்தமுமல்ல, வாடகையுமல்ல

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்ற ஆண்டு ஒரு வினாநிரல் தயாரித்தேன். கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் வாழும் குடும்பங்களைப் பற்றியது அது. ஏழாவது வினா மிக எளியது: 'வீடு சொந்தமா, வாடகையா?' மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் படிவத்தில் இவ்வினாவுக்குச் சொந்தம், வாடகை, மற்றவை என மூன்று விடைகள் உண்டு. 'மற்றவை' பகுப்பாய்வைக் குழப்பும் என்று கருதி அதை நீக்கிவிட்டேன்.

வினாநிரலைச் சோதித்துப் பார்க்க முதலில் ஊரிகத்தில் என் அம்மாவிடமே அமர்ந்தேன். ஆறு வினாக்களுக்குத் தயக்கமின்றி விடை சொன்னவர், ஏழாவதில் நின்றுவிட்டார்.

"சொந்தம்னு எழுதினா பொய்யி. வாடகைன்னா யாருக்குக் குடுக்கறீங்கன்னு கேப்பாங்க. நீதானே படிச்சவ, நீயே சொல்லு."

என்னாலும் சொல்ல இயலவில்லை. நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு என் வினாநிரலில் இடமில்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

அந்த வீட்டின் கதை ஊரிகத்துப் பல குடும்பங்களின் கதைதான். வட ஆற்காட்டிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா முதலில் குடியிருந்தது மூங்கில் தட்டி வீட்டில். பிறகு லைன் வீடு கிடைத்தது: ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பொதுச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். தாத்தாவும் அப்பாவும் அங்கிருந்தே ஷிப்டுக்குப் போனார்கள். இதற்கிடையில் வீட்டின் உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தார். 1880 முதல் சுரங்கங்களை நடத்தியது ஜான் டெய்லர் அண்டு சன்ஸ். 1956இல் மைசூர் மாநில அரசு அவற்றை ஏற்றது. 1962இல் மத்திய அரசு ஏற்றது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. மூன்று கைமாற்றங்களிலும் எங்கள் அடுப்பு அணையவில்லை. சுரங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டதால், நிலத்தோடு மனிதர்களும் சேர்ந்தே கைமாறினார்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நிலத்துக்கு விலை உண்டு, அதன்மேல் வாழ்பவர்களுக்கு வேலை இல்லை என்றாயிற்று. 2013இல் சுரங்கச் சொத்துகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024 ஜூனில், ஏறத்தாழ 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 கழிவு மண்மேடுகளை ஏலம் விடும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மண்மேடு வேறு, வீடு வேறு என்பது உண்மையே. ஆயினும் அளவுச் சங்கிலியோடு யாரேனும் வந்து நின்றால், லைனில் அன்று எந்த வீட்டிலும் உலை கொதிப்பதில்லை.

சட்டம் எங்களை எவ்வாறு காண்கிறது என்று தேடத் தொடங்கினேன். சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882ஆம் ஆண்டினது. அதன் 109ஆம் பிரிவின்படி, குத்தகைக்கோ வாடகைக்கோ விடப்பட்ட சொத்தை வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார். விற்பனை நடந்தது என்பதாலேயே குடியிருப்பவரின் உரிமை அற்றுப்போவதில்லை. இராபர்ட்சன்பேட்டையில் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் என் தோழிக்கு இந்தக் காப்பு உண்டு. அவள் வீட்டு உரிமையாளர் நாளை வீட்டை விற்றாலும், புதியவர் முறைப்படியே அவளை வெளியேறக் கோர வேண்டும்.

அதே 1882இல் பிறந்த இன்னொரு சட்டம் இந்திய வசதியுரிமைச் சட்டம். பிறர் சொத்தில் இருப்பதற்கான வெறும் அனுமதியை அது 'உரிமம்' என்கிறது. அதன் 59ஆம் பிரிவு, உரிமம் கொடுத்தவர் சொத்தை மாற்றிவிட்டால் வாங்கியவரை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது என்கிறது. வேலையின் பொருட்டுக் கொடுக்கப்பட்ட குடியிருப்பு பொதுவாக இந்த வகையிலேயே வைக்கப்படுகிறது. வேலை முடிந்தால் அனுமதியும் முடிந்தது. மத்திய அரசு நிறுவனங்களின் கட்டடங்களுக்கு 1971ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டமும் உண்டு. அதன்படி வெளியேற்ற ஆணையை எஸ்டேட் அதிகாரியே பிறப்பிக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது, மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு மட்டுமே. ஆக, மூன்று மாதம் வாடகைக்கு இருந்தவருக்கு உள்ள காப்பு மூன்று தலைமுறையாக இருப்பவருக்கு இல்லை.

இத்துடன் நிறுத்தியிருந்தால் என் ஆய்வு ஓர் ஒப்பாரியாகவே முடிந்திருக்கும். ஆனால் சுரங்கம் மூடப்பட்டபோது நடைமுறையிலிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தைப் படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'ஊதியம்' என்பதற்கு அதன் 2(ஆர்ஆர்) பிரிவு தரும் வரையறையில், முதலாளி அளிக்கும் வீட்டு வசதியின் மதிப்பும் அடங்கும். சட்டமே சொல்கிறது: வீடு கூலியின் ஒரு பகுதி. சொத்துச் சட்டத்தின் கண்ணுக்கு முதலாளியின் தயவாகத் தெரியும் அதே ஓரறை வீடு, தொழிலாளர் சட்டத்தின் கண்ணுக்கு உழைப்பின் விலையாகத் தெரிகிறது.

இதுவே நான் முன்வைக்க விரும்பும் வாதம். எங்கள் தாத்தாக்கள் வாடகை கொடுக்காமல் தங்கியவர்கள் அல்லர். பணமாகக் கிடைத்திருக்க வேண்டிய கூலியின் ஒரு பங்கு சுவராகவும் கூரையாகவும் கொடுக்கப்பட்டது. பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிப் பாறைத் தூசியைச் சுவாசித்துக் கொடுத்த வாடகைக்கு ரசீது இல்லை. சிலிக்கோசிஸ் நோய்தான் மிச்சம். எனவே இந்த வீடுகளைப் பற்றிய பேச்சை 'ஆக்கிரமிப்பு', 'கருணை' என்ற சொற்களிலிருந்து மீட்டுத் 'தொழிலாளர் நிலுவை' என்ற சொல்லுக்குக் கொண்டுவர வேண்டும்.

இது தங்கவயலுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மாஞ்சோலையில் பம்பாய் பர்மா நிறுவனம் 1929 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் தேயிலைத் தோட்டம் நடத்தியது. குத்தகை முடிய நான்காண்டு இருக்கையில், 2024இல், விருப்ப ஓய்வு பெற்று லைன் வீடுகளைக் காலிசெய்யுமாறு தொழிலாளர்களிடம் கூறப்பட்டது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்தக் கோரிய மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது. இலங்கை மலையகத்திலும் லைன் அறைகளில் தலைமுறைகளாக வாழ்வோர் காணி உரிமைக்காக இன்னும் போராடுகின்றனர். மூன்று இடங்களிலும் மக்கள் சொல்வது ஒரே சொல்: லைன்.

இழப்பு சுவர்களோடு முடிவதும் இல்லை. 1907இலேயே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் கண்ட மக்கள் இவர்கள். பண்டிதர் அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் இங்கிருந்தே வெளிவந்தது. சுரங்கத்தில் உழைத்துத் திரும்பியவர்கள் கூடிப் படித்துத் தர்க்கித்த இடங்கள் இந்த லைன்கள். மக்கள் கலைந்தால் அந்த நினைவைச் சுமக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

மீண்டும் வீட்டுக்கு வருகிறேன். சென்ற மழையில் கூரை ஒழுகியது. தகரம் மாற்ற எண்பதாயிரம் ஆகும் என்றார் ஆசாரி. நாள்தோறும் இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் தம்பி, "நம்ம பேர்ல இல்லாத வீட்டுக்கு எதுக்கும்மா அவ்ளோ பணம்?" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. 59ஆம் பிரிவை அறிந்த நானும் அவன் பக்கமே நின்றிருக்க வேண்டும். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். "வெளிய போகச் சொல்ற வரைக்கும் நனைஞ்சிட்டே இருக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். மறுவாரம் தகரம் வந்தது. பாதிப் பணம் என் ஆய்வு உதவித்தொகை.

ஏழாவது வினாவைத் திருத்திவிட்டேன். 'மற்றவை' திரும்பி வந்துவிட்டது. அதன் கீழே நான்கு வரி வெற்றிடம் விட்டு, 'இவ்வீடு உங்களுக்கு எவ்வாறு கிடைத்தது?' என்று கேட்கிறேன். அந்த நான்கு வரி பலருக்குப் போதவில்லை.

தங்கவயலைச் சேர்ந்த மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். குடியிருப்பு ஒதுக்கீட்டுச் சீட்டு, சம்பளச் சீட்டு, பழைய குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது என எது இருந்தாலும் ஆண்டு தெரியும்படி படமெடுத்து, இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். பெரியவர்கள் எந்த ஆண்டு எந்த லைனுக்கு வந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். கூலியாகக் கிடைத்த வீடு என்று நாளை வாதிட வேண்டுமானால், அதற்கான சான்று ஆவணக் காப்பகத்தில் இருப்பதைவிட நம் பெட்டிகளில்தான் அதிகம் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் எடுத்துவிடுவோம்.