கடல் தெரியாத கடற்கரைச் சாலை

கிழக்குக் கடற்கரைச் சாலை என்றாலே சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மாமல்லபுரமும் புதுச்சேரியும்தான். பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பங்களில் பல அந்த எல்லையிலேயே திரும்பிவிடுகின்றன. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஏற்றது அதற்கும் தெற்கே, சிதம்பரத்தில் தொடங்கி தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை போகும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் உடனே வரும் ஆட்சேபம், அந்த வழியில் கடலே தெரியாதே என்பது. உண்மைதான். வயல், வாய்க்கால், கருவேலங்காடு, மறுபடி வயல் என்றுதான் வண்டி ஓடும். கடல் கிழக்கே தள்ளியிருக்கும். ஆனால் கார் கண்ணாடி வழியே தெரிகிற கடல் பெரியவர்களுக்கான காட்சி. ஆறேழு வயதுப் பிள்ளை அதை இரண்டு நிமிடம் பார்க்கும். பிறகு ஊர் எப்போது வரும் என்று நச்சரிக்கும். அந்த வயதுக்குத் தூரத்து நீலம் பொருட்டில்லை. கைக்கெட்டும் தூரத்தில் யாராவது எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்: வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் பிரித்தெடுக்க வேண்டும், படகின் அடியில் தார் பூச வேண்டும், மீன் ஏலத்தில் விலையைக் கூவ வேண்டும். அதைப் பார்க்க வண்டியை விட்டு இறங்கவேண்டும். சாலையிலேயே கடல் தெரிந்துவிட்டால் யாரும் ஊருக்குள் போவதில்லை. தெரியாத சாலையில்தான் கடலைத் தேடி ஒவ்வொரு ஊராகத் திரும்ப வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1620-ல் டேனியர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் இங்கேதான். இத்தனையையும் சொன்னால் பிள்ளை கொட்டாவி விடும் என்பார்கள். விடத்தான் செய்யும், சொல்லாதீர்கள். கோட்டை சின்னது, மதிலைச் சுற்றி ஓடியாட இடமுண்டு, அது போதும். சொல்ல வேண்டியது அதற்குச் சற்றுத் தள்ளிக் கரையோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றி. 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். மீதிக் கோயில் எங்கே என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கடலரிப்பு என்பதைப் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் சொல்லும். இங்கே அது எதிரில் நிற்கிறது. பூம்புகாரைக் கடல் கொண்ட கதையையும் பிள்ளை அதற்குப் பிறகு கேட்டால் நம்பும்.

பாடம் இப்படி எதிரில் நிற்பது வேதாரண்யத்தில் இன்னும் தெளிவாக விளங்கும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு வரியை எதிர்த்து உப்பெடுத்த இடம் அகஸ்தியம்பள்ளி. நினைவுத்தூண் இருக்கிறது, ஆனால் தூணைவிட அங்கே இன்றும் வேலை நடக்கிற உப்பளங்கள்தான் முக்கியம். உவர்நீர் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாறி, வெயிலில் காய்ந்து கெட்டிப்படும். கடைசிப் பாத்தியில் நீரின் மேல் முதலில் ஏடு போல ஒன்று படரும். பிறகு அடியில் மணிமணியாக இறங்கும். நீண்ட கழி பொருத்திய பலகையால் அதை வாரி வரப்போரம் ஒதுக்குவார்கள், பலர் வெறுங்காலோடு. அப்போது வாரிய உப்பு கடையில் பார்க்கும் வெள்ளையில் இருக்காது. மண்ணின் சாயல் கொஞ்சம் இருக்கும். அதில் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு, இதற்கா வரி போட்டார்கள் என்ற கேள்வி தானாக வரும். சத்தியாகிரகத்தின் கதையை அங்கிருந்து தொடங்கலாம்.

இதில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. உழைக்கிறவர்களைக் காட்சிப்பொருளாக்கிப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவது சரியா? கேமராவைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினால் சரியில்லைதான். கேட்டுக்கொண்டு வரப்பில் நிற்பதும், ஏலத்துக்கு இடைஞ்சலில்லாமல் ஒதுங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே மீன் வாங்குவதும் வேறு. இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்கு அஞ்சுகிறவர்களும் இல்லை. பிள்ளை கேட்டால் வலையின் கண் ஏன் சிறிதும் பெரிதுமாக இருக்கிறது என்று விளக்கிச் சொல்வார்கள், நம்மைக் கண்டால் மட்டும் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். நீந்த முடியாத கடற்கரை பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்வியும் வரும். சோழமண்டலக் கரையில் அலை வலுவானது, சட்டென்று ஆழமாகும். முழங்காலுக்கு மேல் இறக்கக் கூடாது. கோடியக்கரையைத் தாண்டிக் கரை மேற்கே திரும்பி பாக் நீரிணைக்குள் போனதும் கடல் ஆழமற்று அடங்கிவிடும், ஆனால் அங்கே மணலைவிடச் சேறு அதிகம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நினைவிடங்கள் வழியெங்கும் இருக்கின்றன. பிள்ளை கேட்டால் மறைக்காமல் சுருக்கமாகச் சொல்லிவிடுவதே நல்லது. கடலுக்கு மரியாதை கொடுக்கக் கற்பிக்க வேறு பாடம் தேவையில்லை.

வசதிக் குறைவு பற்றிய புகாருக்கு முழு மறுமொழி என்னிடம் இல்லை. சிறு ஊர்களில் சுத்தமான கழிப்பறை கிடைப்பது சிரமம்; பெண் பிள்ளையோடு போகிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. இதற்கு ஒரே வழி தூரத்தைக் குறைப்பதுதான். ஒரு நாளில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சிதம்பரத்தில் தங்கிப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் படகேறினால் அன்றைய நாள் முடிந்தது. மறுநாள் தரங்கம்பாடி, அதற்கு மறுநாள் நாகப்பட்டினம். இப்படிப் போனால் அறையை விட்டு வெகுதூரம் விலக வேண்டியதில்லை, காலையில் சாப்பிட்ட இட்லி வண்டியில் வெளியே வருவதும் குறையும். நான்குவழிச் சாலைகள் வந்தபின் இந்த யோசனை பிடிக்காமல் போய்விட்டது. புறவழிச்சாலை ஊர்களை ஓரங்கட்டிவிட்டு நம்மை ஓட்டிக்கொண்டு போகிறது. மிச்சமாகும் ஒரு மணி நேரத்தைப் பிள்ளை செல்போனில்தான் செலவிடுகிறது.

எப்போது போவது என்பதில் எல்லாம் ஒன்றாகக் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா. முழுப்பரீட்சை விடுமுறை பெரும்பாலும் அதற்குள்தான் வருகிறது. அப்போது துறைமுகத்தில் ஏலத்தின் சந்தடி குறைவு, ஆனால் படகுகளைக் கரையேற்றிச் சாயம் பூசி, இன்ஜினைப் பிரித்து, வலையைச் செப்பனிடும் வேலை நடக்கும். உப்பளமும் முழுமூச்சில் இருக்கும். வெயில்தான் கொல்லும். அரையாண்டு விடுமுறையில் உப்பு வேலை இருக்காது, மழை இரண்டொரு நாளைக் கெடுக்கலாம், ஆனால் கோடியக்கரையில் பூநாரைகள் வந்திருக்கும், வெளிமான்களைக் காய்ந்த புல்வெளியில் அல்லாமல் பச்சையில் பார்க்கலாம். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையென்றால் அரையாண்டு விடுமுறைக்கே என் ஓட்டு. கோடையில்தான் முடியுமென்றால் உப்பளத்தைக் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் வேளாங்கண்ணியில் கூட்டம் நெரியும். அதனால் பக்கத்திலுள்ள நாகப்பட்டினத்தில் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.