நாலு மணி நேரம்

ஸ்ரீரங்கத்தில் என் தமக்கை வீட்டுக் கூடத்தில் இரண்டு கடியாரங்கள் தொங்குகின்றன. முன்பு நான் போனபோது ஒன்றுதான் இருந்தது. போன தை மாதம் பல்லவன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கியபோது பார்த்தேன். புதிதாக மாட்டியிருந்தது இரண்டரை மணி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. பாவம், யாரும் கவனிக்கவில்லை போலும் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"தொடாதேடா! அது சிங்கப்பூர்!" என்று உள்ளேயிருந்து அதட்டினாள் அக்கா.

அவள் பிள்ளை அங்கே உத்தியோகத்தில் இருக்கிறான். சாப்பிட்டிருப்பானா, தூங்கியிருப்பானா என்று அந்தக் கடியாரத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள்.

இரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தெற்கே, திருச்சிப் பக்கத்தில், ஒரு விமானம் விளக்கை மினுக்கிக்கொண்டு ஏறிற்று.

"சிங்கப்பூர் எத்தனை தூரம்டா?"

"ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். நாலு மணி நேரம்."

"டிக்கெட்டில் பார்த்தால் ஆறரை மணின்னா கணக்கு வரது?"

விளக்கினேன். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். இங்கே இரவு ஒரு மணிக்குக் கிளம்பினால் அங்கே காலை ஏழரைக்கு இறங்கலாம். அங்கே மாலை ஏழுக்குக் கிளம்பினால் இங்கே எட்டரைக்கே வந்துவிடலாம். போகும்போது பிடுங்கிக்கொண்ட இரண்டரை மணியைத் திரும்பும்போது கொடுத்துவிடுகிறார்கள்.

"அப்போ வரதுக்கு ஒன்றரை மணிதானா!" என்றாள்.

நான் இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க வேண்டாம். பிள்ளை வந்து போய் நாலு வருஷம் ஆகிறது.

பேச்சை மாற்றப் பெரியப்பாவின் கதையை எடுத்தேன். நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போனவர் அவர். கடலில் ஒரு வாரம் போல ஆகும். வருஷக்கணக்கில் அவர் வராதபோது, "நடுவிலே சமுத்திரம் கிடக்கிறதே, குழந்தை என்ன பண்ணுவான்?" என்பாள் பாட்டி. விமானம் தூரத்தைக் குறைத்தது வாஸ்தவம். பாட்டிக்கு இருந்த அந்த ஆறுதலையும் அது கொண்டுபோய்விட்டது.

"பறக்கிறதுதான் நாலு மணி, அக்கா. மூணு மணி முன்னாலேயே போய் நிற்கணும். லீவு கிடைக்கணும், குழந்தைகள் பள்ளிக்கூடம், டிக்கெட் விலை..." என்று அவனுக்காக வாதாடினேன்.

அவள் மறுக்கவில்லை. சற்றுக் கழித்து, "மெட்ராஸ் எத்தனை மணிடா?" என்றாள்.

"ரயிலில் அஞ்சு மணி."

"நீ வந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை. "பால் ஆறிப்போறது, குடி."

மறுநாள் காலை ரயிலுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டு, இன்னும் மூன்று நாள் தங்கினேன். கூடத்தில் படுத்துக்கொண்டு அந்த இரண்டு கடியாரங்களையும் பார்ப்பேன். என் ஊருக்கும் அவள் ஊருக்கும் மணி ஒன்றுதான். எனக்கென்று தனியாக ஒன்று மாட்ட அவளுக்கு அவசியம் நேரவில்லை. தூரம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை.