அக்காவின் தலைவலியும் 60 ஹெர்ட்ஸும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. 2004. ஆலங்குடி பக்கம் எங்க கிராமம். அக்கா வீட்டுலயே கல்யாணப் பத்திரிகை டைப் அடிச்சுக் குடுக்கும். பின்னாடி பெரிய தொப்பை வச்ச 15 இன்ச் மானிட்டர். ஒரு மணி நேரம் உக்காந்தா போதும், தலைவலி வந்துடும்.

புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் கண்ணைச் சோதிச்சோம். பார்வை நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. "பேசாம பொட்டியை வித்துடுவோம்"னாரு அப்பா. அக்கா முகம் செத்துப் போச்சு. அதுக்குன்னு சொந்தமா வந்த காசு அது ஒண்ணுதான்.

அக்கா ஒண்ணு சொல்லிட்டே இருந்துச்சு: "நேரா பாத்தா தெரியலடா, பக்கத்துல காலண்டரைப் பாத்தா திரை துடிக்குது." நாங்க சிரிச்சோம். ஒருநாள் நானும் காலண்டரைப் பாத்தேன். நெசமாவே துடிச்சுது! நேர்ப்பார்வையை விட ஓரப்பார்வைக்குத்தான் மினுக்கு சட்டுனு தெரியும்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

எக்ஸ்பில டெஸ்க்டாப்புல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, மானிட்டர். ரெஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 60 தடவை படத்தை வரையும், ஒவ்வொரு தடவையும் வரைஞ்ச இடம் மங்கிப் போகும். கூட்டலாம்னு பாத்தா வேற எண்ணே இல்ல. 1024க்கு 768ங்கிற அளவுக்கு அந்த மானிட்டரால அவ்வளவுதான் முடியும். 800க்கு 600னு குறைச்சேன், 75 வந்துச்சு. கோடு கம்மியானா வேகமா வரையலாம், அம்புட்டுதான் சூட்சுமம். தப்பா வச்சுத் திரை கறுத்தாலும், 15 நொடி கை வைக்காம இருந்தா எக்ஸ்பியே பழையபடி மாத்திடும்.

துடிப்பு நின்னுச்சு. ஆனா எழுத்து மட்டும் லேசா நடுங்குச்சு. இதுக்குக் காரணம் வேற. போர் மோட்டாரெல்லாம் ஓடுனா எங்க ஊருல லோ வோல்டேஜ். அதுக்காக வாங்குன ஸ்டெபிலைசர் மானிட்டரை ஒட்டியே இருந்துச்சு. அதுக்குள்ள இருக்குற டிரான்ஸ்பார்மரோட காந்தப்புலம், கரண்டோட 50 ஹெர்ட்ஸ்ல எலக்ட்ரான் கதிரை ஆட்டும். நம்ம திரையோ 75. ரெண்டும் ஒத்துப் போகாததால நடுக்கம். ஸ்டெபிலைசரை மூணடி தள்ளி வச்சேன். படம் கல்லு மாதிரி நின்னுச்சு. செலவு? சைபர் :-)

ஒண்ணு மட்டும் நல்லவேளை. மூடியைக் கழட்டலாம்னு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவன், கழட்டல. உள்ள இருவதாயிரம் வோல்ட்டுக்கு மேல இருக்கும், ஆஃப் பண்ணுன பிறகும் மிச்சம் நிக்கும்.

இப்ப அந்தத் தொப்பை மானிட்டரெல்லாம் காயலான் கடைக்குப் போயாச்சு. எல்இடி திரையிலயும் வெளிச்சத்தைக் குறைச்சா சிலதுல லைட்டு வேகமா அணைஞ்சு எரியத்தான் செய்யுது. வீட்டுல யாராச்சும் தலைவலின்னா திரையையும் ஒரு தடவை பாருங்க.

அதுக்கு முன்னாடி, அவங்க சொல்றதைச் சிரிக்காம கேளுங்க. முதல் நாளே அக்கா சரியாத்தான் சொல்லுச்சு. நாங்கதான் அதோட கண்ணைச் சந்தேகப்பட்டோம்.