பார்க்காமல் இட்ட கையொப்பம்

எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தினர் புதிதாக ஒரு கார் வாங்குவது, வீட்டில் ஒரு திருமணத்தை நடத்தி முடிப்பதற்கு ஒப்பாகும். பல ஆண்டுகள் பேசி, சேமித்து, தள்ளிப்போட்டு, மீண்டும் பேசிய பின்னரே அது கைகூடுகிறது. நாங்கள் இருவரும் பணி ஓய்வு பெற்ற பின், 82 வயதான அம்மாவை மாதந்தோறும் காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கண் சிகிச்சைக்காக அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்துப் படியில் அவர்களை ஏற்றி இறக்குவது நாளுக்கு நாள் கடினமாயிற்று. ஓய்வுகாலப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, சிறிய சிவப்பு நிறக் கார் ஒன்றை வாங்கினோம்.

மதுரையிலுள்ள ஒரு விற்பனை நிலையத்தில், சனிக்கிழமை மாலை வண்டியை எங்களிடம் ஒப்படைத்தார்கள். பட்டுத் துணியால் மூடியிருந்த காரைத் திறந்து காட்டினார்கள். மாலை போட்டார்கள், கேக் வெட்டச் சொன்னார்கள், நிழற்படம் எடுத்தார்கள். அதற்கிடையே ஒருவர் தாள்களை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து சார், அடுத்த பக்கத்திலே ஒண்ணு" என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். ஏழெட்டு இடங்களில் கையொப்பமிட்டோம். எதில் என்ன எழுதியிருந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. இருட்டுமுன் ஊர் சேர வேண்டுமே என்ற அவசரந்தான் மனத்தில் இருந்தது.

மேலூரைத் தாண்டும்போதே வண்டி துள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பந்துபோல் எழும்பி விழுந்தது. பின்னிருக்கையில் இருந்த பேரனுக்கோ ஒரே மகிழ்ச்சி. "தாத்தா, நம்ம வண்டி ரேஸ் கார் மாதிரி குதிக்குது!" என்று கைதட்டினான். நாங்களும் சிரித்தோம். "புது வண்டி அப்படித்தான் இருக்கும்; ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று அயல்வீட்டார் சொன்னதை நம்பினோம். மறுநாள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை வண்டியை மந்திரித்துத் தந்தார். மூன்று வாரங்கள் கடந்தன.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலைப்பொழுது. மருத்துவமனையிலிருந்து அம்மாவுடன் திரும்பிக்கொண்டிருந்தோம். திருப்பத்தூரைக் கடந்து பிள்ளையார்பட்டியை நெருங்கும் வேளையில், ஆட்டுக்குட்டி ஒன்று சாலையின் குறுக்கே ஓடிவந்தது. பிரேக்கை அழுத்தினோம். வண்டி நிற்கவில்லை, ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டே போய்க் கண்மாய்க் கரையின் ஓரத்தில் நின்றது. இன்னும் இரண்டு முழம் போயிருந்தால் கீழே நீர். ஆட்டுக்குட்டி பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். அம்மா மட்டும் நெடுநேரம் ஒன்றும் பேசாமல், முன்னிருக்கையின் முதுகைப் பற்றியபடியே இருந்தார்கள்.

மறுநாள் காலை வீட்டருகேயுள்ள பஞ்சர் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். கடைக்காரர் அனுபவம் மிக்க முதியவர். "வண்டி ராத்திரி முழுக்க நின்னுதானே சார் இருந்துச்சு?" என்று முதலில் கேட்டுக்கொண்டார். ஓடிய வண்டியின் டயர் சூடாகி, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறிவிடும்; ஆறிய டயரில் பார்ப்பதே சரியான அளவு. பிறகு அளவுமானியை வைத்தார். முன்சக்கரத்தில் 48 பவுண்டு, பின்சக்கரத்தில் 47. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டிலோ 33 என்று அச்சிடப்பட்டிருந்தது.

"ஷோரூம்லே காத்தைக் குறைக்காமலேயே கொடுத்துட்டாங்க சார்" என்றார் அவர்.

அவர் விளக்கியபோதுதான் எங்களுக்குச் செய்தி புரிந்தது. தொழிற்சாலையிலிருந்து புறப்படும் கார்கள் பெரிய லாரிகளில் கட்டப்பட்டு நெடுந்தூரம் பயணம் செய்கின்றன. பின்னர் வாரக்கணக்கில் கிடங்கில் நிற்கின்றன. ஒரே இடத்தில் அசையாது நிற்கும் டயரின் அடிப்பாகம் தட்டையாகிவிடாதிருக்க, காற்றைக் கூடுதலாக நிரப்பி அனுப்புவது வழக்கம். வாங்குபவரிடம் கொடுக்குமுன் அதைச் சரியான அளவுக்கு இறக்க வேண்டியது விற்பனை நிலையத்தின் கடமை. இறக்காவிட்டால் டயர் உப்பி, அதன் நடுப்பகுதி மட்டுமே தரையில் படும். பிடிப்புக் குறையும், மழைச்சாலையில் வண்டி நிற்க அதிகத் தூரம் பிடிக்கும், டயரின் நடுப்பகுதி விரைவில் தேயும். காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு சில வண்டிகளில் உண்டு. காற்று மிகுந்திருந்தால் அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

இதுபோன்ற மறதி உலகெங்கும் நடப்பதாகப் பின்னர் அறிந்தோம். விலையுயர்ந்த பந்தயவகைக் கார்களைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றும்போது, வண்டி ஆடாதிருக்க அவற்றின் சுருள்வில்களுக்கிடையே கட்டைகளைச் செருகி அனுப்புகிறார்கள். விற்பவர் அவற்றை எடுக்க மறந்தால், வில் அமுங்காமல் வண்டி கல்லின்மேல் உருளுவதுபோல் தடதடக்கும். பெரும் பொருள் கொடுத்து வாங்கியவரோ, பந்தயக் கார் என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று எண்ணி ஓட்டிக்கொண்டிருப்பார். எங்கள் பேரனின் கைதட்டல்தான் அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது.

வீடு திரும்பி, வண்டியோடு கொடுத்த தாள்களை முதன்முறையாக எடுத்துப் படித்தோம். ஒப்படைக்குமுன் சோதித்தவற்றின் பட்டியல் ஒன்று அதில் இருந்தது. எண்ணெய், மின்கலம், விளக்குகள், சக்கரத் திருகுகள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி அடையாளம். எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை. டயர்க் காற்று என்பதற்கு எதிரே 33 என்று அழகாக எழுதியிருந்தது. அடியில் பணியாளரின் கையொப்பம். அதற்குப் பக்கத்தில், "மேற்கண்ட யாவும் எங்கள் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டன" என்ற வாசகத்தின் கீழ், எங்கள் கையொப்பம்.

கோபத்தோடு தாளைப் புரட்டிய எங்களுக்கு அந்த இடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

மதுரைக்குப் போனோம். மேலாளர் மன்னிப்புக் கேட்டார்; அந்தப் பணியாளரை வரவழைத்தார். இருபத்திரண்டு வயதிருக்கும், மீசைகூட முழுமையாக அரும்பாத இளைஞன். "அன்னைக்குப் பதினோரு வண்டி கொடுக்கணும் சார். அளவுமானி வேலை செய்யலே. கதவுச் சீட்டைப் பார்த்து எழுதிட்டேன்" என்று தலைகுனிந்தபடி உண்மையைச் சொன்னான். "இவனை இன்றே நிறுத்திவிடுகிறேன், உங்களுக்கு இருக்கை உறைகள் இலவசமாகத் தருகிறோம்" என்றார் மேலாளர்.

நாங்கள் இரண்டையும் வேண்டாமென்றோம். அவன் பார்க்காமல் எழுதினான் என்றால், நாங்களும் பார்க்காமலே கையொப்பமிட்டவர்கள். அவனுக்கு மட்டும் தண்டனை என்பது எப்படி நீதியாகும்? மேலும், உடைந்த அளவுமானியை மாற்றித் தராதவர் அவனல்லவே! ஆகவே இரண்டே கோரிக்கைகளை வைத்தோம். பட்டியலிலுள்ள ஒவ்வொன்றையும் எங்கள் கண்முன் மீண்டும் சோதிக்க வேண்டும். அன்றைய தினம் வண்டி பெற்றுச் சென்ற மற்றப் பத்துக் குடும்பங்களையும் அழைத்துச் சொல்ல வேண்டும்.

முதலாவதற்கு மேலாளர் உடனே இசைந்தார். இரண்டாவதற்குத் தயங்கினார். "வலியப் போய்ச் சொன்னால் கடையின் பெயர் கெடுமே, சார்" என்றார். "அந்தப் பத்து வண்டிகளிலும் யாராவது ஒருவருடைய அம்மா உட்கார்ந்திருப்பார்கள், தம்பி" என்று எங்கள் இல்லத்தரசி அமைதியாகச் சொன்னார். தொலைபேசி அழைப்புகள் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு வாரம் கழித்து அந்த இளைஞனே எங்களுடன் பேசினான். மேலும் நான்கு வண்டிகளில் காற்று இறக்கப்படாமலே இருந்ததாம். "புது அளவுமானி வந்துடுச்சு சார்" என்றும் சொன்னான்.

எங்கள் காரியம் பேச்சோடு முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. 2011-ஆம் ஆண்டு கோவாவில் ஒருவர் புதிய காருக்குப் பணம் செலுத்தினார். அவருக்குக் கிடைத்ததோ 2009-இல் தயாரான, முன்பே ஓடியிருந்த வண்டி. அவ்வழக்கு மாவட்ட மன்றத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 2021 பிப்ரவரி 18 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. தயாரித்த நிறுவனத்துக்குத் தெரியாமல் விற்பனையாளர் செய்த தவற்றுக்கு அந்நிறுவனம் பொறுப்பாகாது என்பது தீர்ப்பு. ஆகவே நாம் யாரிடம் கைநீட்டி வாங்குகிறோமோ, அவரிடந்தான் நம் கண் இருக்க வேண்டும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். மதுரையில் வாங்கிய பொருளுக்குக் காரைக்குடியில் வாழ்பவர் சிவகங்கை மாவட்ட ஆணையத்தை நாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ஆனால் பார்க்காமல் இட்ட கையொப்பம் நமக்கு எதிராகவே அங்கு எடுத்துக்காட்டப்படும் என்பதை மறத்தலாகாது.

ஆகவே வண்டி வாங்கும் குடும்பத்தினர் பகல் வெளிச்சத்தில், பதிவுக்கு முன்பே சென்று பாருங்கள். வண்டியின் 17 இலக்க அடிச்சட்ட எண்ணைத் தாளோடு ஒப்பிட்டு, தயாரான மாதத்தையும் ஆண்டையும் கேட்டு அறியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதென்று பாருங்கள். காற்றை உங்கள் முன்னே அளக்கச் சொல்லுங்கள். மாற்றுச் சக்கரத்தையும் விட்டுவிடாதீர்கள். கேக்கும் நிழற்படமும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

எங்கள் வீட்டுக்குத் தரை போட ஆத்தங்குடிக்குக் கல் வாங்கப் போன நாள் நினைவிருக்கிறது. அங்கே கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணத்தை ஊற்றிக் கல்லை வார்க்கிறார்கள். கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்தபடி கவிழ்ந்தே இருக்கும். தகட்டை நீக்கினால்தான் பூ தெரியும். அந்தத் தொழிலாளி ஒவ்வொரு கல்லையும் திருப்பி, உள்ளங்கையால் தடவிப் பார்த்த பின்பே எங்கள் பக்கம் நகர்த்தினார். அவர் எந்தத் தாளிலும் சரி அடையாளம் போடவில்லை.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையைச் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அது நீதிமன்றக் கூண்டில் நிற்பவர்களுக்கானது என்றே இவ்வளவு காலமும் எண்ணியிருந்தோம். கண்ணால் காணாததைக் கண்டதாக எழுதிக் கையொப்பமிடுவதும் சாட்சியந்தானே! இப்போது எங்கள் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும், அம்மா தம் மங்கிய கண்களைச் சுருக்கிக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "படிச்சுப் பார்த்தீங்களாப்பா?"