தமிழறியாத தமிழ் இயக்குநர்

எங்கள் இல்லத்தில் பேசுவது உருது. என் தமிழ், கீழ்பென்னாத்தூர்க் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் தந்தது. ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றபின் சென்ற ஒரு நேர்காணலில், "வீட்டில் உருது பேசும் நீங்கள் எப்படித் தமிழ் நடத்துவீர்கள்?" என்று வினவினர். விடை கூறத் தடுமாறினேன்; அவ்வேலை கிடைக்கவில்லை. பல்லாண்டுகள் முள்ளாய்த் தைத்திருந்த அவ்வினாவை, எல்லிஸ் ஆர். டங்கனைப் பற்றிப் படித்தபோதுதான் எடுத்துப் பார்க்கத் துணிந்தேன்.

1909இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்த டங்கன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றவர். உடன்பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று 1935இல் இந்தியா வந்தார். 1950 வரை இங்கேயே படம் எடுத்துக்கொண்டிருந்தார். எம்.ஜி.ஆரின் முதற்படமான 'சதி லீலாவதி' (1936) அவர் இயக்கியதே. ஆயினும் தமிழ் பேச அவர் இறுதிவரை கற்றாரில்லை. இது குறையே, மறைப்பதற்கில்லை. என் மாணவர் ஒருவர் இப்படி இருந்தால் நான் பொறுக்கமாட்டேன்!

எனினும், சொல் புரியாதவர் எதனைப் பற்றிக்கொண்டு நின்றார் என்பதே என்னை ஈர்த்தது. நாடக மேடையின்முன் கேமராவை நிறுத்திவைத்தாற்போலப் படம் பிடித்த காலம் அது. அவரோ கேமராவை நகர்த்தினார். முகங்களை அருகே கொணர்ந்தார். 'மீரா' (1945) படத்திற்காக எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் முகத்தை மார்பளவுச் சிலையாக வடிக்கச் செய்து, அதன்மீது பலவாறு ஒளி பாய்ச்சி, எக்கோணத்தில் எவ்வொளி பொருந்தும் என ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் ஆராய்ந்தார். ஒரு செய்யுளுக்கு உரை காண நாம் இத்துணைப் பொறுமை கொள்கிறோமா?

தமிழை அவர் தமிழறிந்தாரிடமே ஒப்படைத்தார். கம்பர் மகனின் காதலைக் கூறும் 'அம்பிகாபதி'யில் (1937) இளங்கோவனின் உரைநடை ஓங்கி ஒலித்தது. 'மந்திரி குமாரி'யில் (1950) கலைஞர் மு. கருணாநிதியின் வசனம். அப்படத்தின் கரு, செய்யுள்கள் சிலவே எஞ்சிய குண்டலகேசியின் கதை. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனை, வலம்வருவதாகக் கூறிப் பின்னின்று தள்ளும் அக்காட்சியை இன்றும் மறக்க இயலவில்லை. அப்படத்தை முடிக்காமலே அவர் தாயகம் திரும்ப, எஞ்சியதை டி. ஆர். சுந்தரம் முடித்தார். 2001இல் மேற்கு வர்ஜீனியாவில் டங்கன் காலமானார்.

சென்ற ஆண்டு குண்டலகேசி வகுப்பில் இவற்றைக் கூறினேன். "நடிகர் பிழையாகப் பேசினால் அவருக்கு எப்படித் தெரியும் ஐயா?" என்றான் ஒரு மாணவன். உதவியாளர் சொல்லித் தெரிந்துகொள்வார் என்றேன். வகுப்பே சிரித்தது.

மறுநாள், என்னைப்போல் வீட்டில் உருது பேசும் மாணவி ஒருத்தி, அதுவரை வாய் திறவாதவள், "இன்றைய செய்யுளை நான் படிக்கட்டுமா ஐயா?" என்று எழுந்தாள். ழகரம் வந்தவிடத்தெல்லாம் நா தடுமாறிற்று. இடைமறிக்காமல், அவள் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.