பைரவர் சந்நிதியில் வைத்த சாவி

சிவாலயங்களில் அர்த்தஜாம பூஜை நிறைவுற்றதும் நடை சாத்தப்படுகிறது. கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்ட பின், சாவிக்கொத்தை க்ஷேத்திரபாலகராகிய பைரவரின் சந்நிதியில் வைப்பது பல தலங்களில் வழிவழியாக வரும் மரபு. இரவு முழுவதும் ஆலயத்தைக் காப்பவர் அவரே என்பது அடியார்களின் நம்பிக்கை. இம்மரபில் ஒரு நுட்பம் உண்டு. கதவைப் பூட்டிய பிறகுதான் சாவி பைரவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. 'பைரவர் இருக்கிறார்' என்று கதவைத் திறந்து போட்டுவிட்டு எந்தக் குருக்களும் இல்லம் திரும்புவதில்லை.

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, முதியோர் இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் இன்று பெருகிவிட்டன. அத்தகைய வீடுகளில் இருவகைப் பேச்சு கேட்கிறது. 'ஆண்டவன் பார்த்துக்கொள்வான், மீறி ஏதேனும் நடந்தால் போலீசுக்கு போன் செய்தால் போயிற்று' என்பது ஒன்று. 'யாரை நம்புவது? அவரவர் கையில் தடி இருந்தால்தான் பிழைப்பு' என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது.

சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்புரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 34ஆம் பிரிவு தொடங்கி இடம்பெற்றுள்ளது. தன் உடலையும் பிறர் உடலையும் உடைமையையும் காக்கும் பொருட்டு ஒருவர் எதிர்த்துச் செயல்படுவது குற்றமாகாது. ஆனால் 37ஆம் பிரிவு இரு வரம்புகளை விதிக்கிறது. அரசின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்குமிடத்தில் இவ்வுரிமை கிடையாது. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. அவகாசம் இருந்தால் காவல்துறை, இல்லாத அந்தச் சில நிமிடங்களுக்குத் தன் கை என்பதே சட்டத்தின் சாரம். உயிருக்குப் போராடும் ஒருவர் தம் அடியைப் பொற்றராசில் நிறுத்துப் பார்க்க இயலாது என்பதை நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. எனினும் ஓடுகிற திருடனைத் துரத்திப் பிடித்து, கட்டிவைத்து அடிப்பதற்கு அந்தப் பரிவு கிடைக்காது. ஆபத்து நீங்கியவுடன் உரிமையும் நீங்கிவிடுகிறது.

2019 ஆகஸ்ட் 11ஆம் நாள் இரவு, அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையம் அருகே நடந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். வீட்டு வாசலில் அமர்ந்திருந்த முதியவரின் கழுத்தை முகமூடியணிந்த ஒருவன் பின்னாலிருந்து துணியால் இறுக்கினான். ஓசை கேட்டு வெளியே வந்த மனைவி செருப்பையும் நாற்காலியையும், கைக்கு அகப்பட்ட எல்லாவற்றையும் எடுத்து எறிந்தார். பிடியிலிருந்து விடுபட்ட கணவரும் சேர்ந்துகொள்ள, அரிவாளோடு வந்த இருவரும் ஓட்டமெடுத்தனர். அவ்வாண்டின் சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அத்தம்பதியருக்கு வீரத்துக்கான விருது வழங்கிச் சிறப்பித்தது. எந்த அவசர வண்டியும் அந்தச் சில நொடிகளுக்குள் அங்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

ஆயினும் அந்நிகழ்ச்சியை எல்லோரும் பின்பற்றத்தக்க பாடமாகக் கொள்வது பொருந்தாது. அந்த அம்மையாரின் கையில் காயம் பட்டது. கழுத்துச் சங்கிலியும் பறிபோயிற்று. அரிவாள் சற்றே விலகி விழுந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். கழுத்தை நெரிப்பவனோடு போராடுவது உயிருக்காக. சங்கிலியை மட்டும் கேட்பவனிடம் அதைக் கழற்றிக் கொடுத்துவிடுவது கோழைத்தனம் ஆகாது. நகை மீண்டும் செய்துகொள்ளக்கூடியது.

ஆகவே இல்லத்தாரின் உண்மையான தற்காப்பு, திருடன் வருவதற்கு முன்பே தொடங்குகிறது. வங்கிகளில் பெட்டக அறையின் சாவிகள் ஒரே அதிகாரியிடம் இருப்பதில்லை. இருவர் சேர்ந்தாலன்றிக் கதவு திறவாது. ஒருவரை மிரட்டிப் பயனில்லை என்ற நிலையை ஏற்படுத்துவதே அந்த ஏற்பாட்டின் நோக்கங்களுள் ஒன்று. வீட்டிலும் அதே முறை செல்லும். திருமணத்துக்கு அணியும் நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். செலவுக்கு வேண்டிய பணம் மட்டும் அலமாரியில் இருக்கட்டும். அழைப்பு மணி ஒலித்தால் உள்கம்பிக் கதவைத் திறவாமலே பேசலாம். வாசலிலும் கொல்லையிலும் விளக்கு எரியட்டும். இடமும் தெம்பும் இருப்பவர்கள் பைரவரின் வாகனமாகிய நாயை வளர்க்கலாம். எல்லாவற்றையும்விட, கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் உள்ள அண்டை வீட்டாரோடு உறவு குன்றாமல் இருக்கட்டும்.

அழைப்பதற்கும் ஆயத்தம் வேண்டும். 112 என்ற ஒரே எண்ணில் காவல், தீயணைப்பு, மருத்துவ உதவி மூன்றையும் கோரலாம். 100, 101, 108 ஆகிய பழகிய எண்களும் உள்ளன. பதற்றத்தில் நா குழறும். ஆதலால் வீட்டு எண், தெரு, அருகிலுள்ள கோயில் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி தொலைபேசியருகே ஒட்டி வைப்பது நன்று. முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். தொடர்பு இடையில் அறுந்தாலும் உதவி வந்து சேர அது வழிகாட்டும்.

முயற்சி மேலோங்கினால் பக்தி குறைந்துவிடுமோ என்று சிலர் ஐயுறுவர். திருமழிசையாழ்வார் பாடிய கபிஸ்தலத்தில் கஜேந்திர வரதராக எம்பெருமான் எழுந்தருளியிருக்கிறார். அங்கே நினைவுகூரப்படும் வரலாறு இவ்வையத்தைத் தீர்க்கும். முதலை காலைப் பற்றியதும் கஜேந்திரன் தன் வலிமை முழுவதையும் கொண்டு போராடினான். உடனிருந்த யானைகளும் இழுத்துப் பார்த்தன. ஆயிரம் ஆண்டு நீடித்த அப்போராட்டத்தில் வலிமை ஓய்ந்தபோது அவன் துதிக்கையில் தாமரையை ஏந்தி அழைத்தான். பெருமான் கருடன்மீது விரைந்து வந்தார். போராடியது அவனுடைய குறையென்று பாகவதம் சொல்லவில்லை. தன்னால் காக்க முடியும் என்ற எண்ணம் அகன்ற கணத்தில்தான் அவனுடைய சரணாகதி முழுமை பெற்றது.

மாலையில் விளக்கேற்றி வணங்கிய பின், கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை சரிபார்ப்பதும் அவ்வழிபாட்டோடு சேர்ந்ததே. கொடுத்த கைகளைச் செய்யவேண்டியதற்குப் பயன்படுத்திய பிறகு, எஞ்சியதை இறைவனிடம் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்கலாம்.