இரு மரத்து அம்பு

வில்வித்தையைப் பற்றிப் பேசுவோர் எய்தவனைப் புகழ்வர்; வில்லையும் புகழ்வர். அம்பைச் செதுக்கிய தச்சனை நினைப்பவர் அரியர். இங்கிலாந்திலே அவனுடைய தொழிலையும் மதித்து எழுதிய அறிஞர் ஒருவர் இருந்தார். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்து, பின்னர் எலிசபெத் இளவரசிக்கு ஆசானாக விளங்கிய றொஜர் அஸ்கம் என்பவரே அவர். 1545ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய வில்வித்தை நூலில், அம்பின் முற்பக்கத்தில் வேறொரு மரத்தை இணைக்கும் முறையும் பேசப்படுகின்றது.

இணைப்பது எதற்காக? பைன் போன்ற இலேசான மரம் விரைந்து பறக்கும். ஆனால் இலக்கிலே மோதும்பொழுது முனைக்குச் சற்றுப் பின்னால் முறிந்துவிடும். முழுவதும் வைரம் பாய்ந்த மரமாயின் பாரம் மிகும், தூரம் செல்லாது. ஆகவே, அடி விழும் இடத்திற்கு மட்டும் வன்மரம் வைத்தனர். இலேசான தண்டின் நுனியை இருபுறமும் ஆப்புப்போலச் சீவுவர். வன்மரத் துண்டை வாளால் நடுவே பிளந்து, அப்பிளவில் ஆப்பைச் செலுத்துவர். வச்சிரப் பசையிட்டு நூலால் இறுகச் சுற்றி, நன்கு உலர்ந்தபின் சீவுளியால் இழைத்து உருட்டுவர். முன்பக்கத்திற் சேரும் இப்பாரம் பின்னுள்ள இறகுகளுக்கு ஈடாகின்றது என்பர். இணைப்பிற்கு இரண்டு கூர்களே போதும், மிகுந்தால் மண்ணின் ஈரம் புகுந்து பசை விட்டுவிடும் என்பது அஸ்கம் கூறும் எச்சரிக்கை.

இத்துடன் வேலை முடிவதில்லை. நாண் தள்ளும்பொழுது அம்பு வளைந்து, வில்லைச் சுற்றி நெளிந்தே செல்கின்றது. அந்த நெளிவு வில்லின் வலிமைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். இக்காலத்தில் 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளில் தண்டை வைத்து, நடுவில் 2 இறாத்தல் நிறையைத் தொங்கவிட்டு, அது தாழும் அளவைக் கணிப்பர். அரை அங்குலம் தாழ்ந்தால் ஏறக்குறைய 52 இறாத்தல் வில்லுக்குப் பொருந்தும். வலக்கையால் நாண் இழுப்பவனுக்கு, விறைப்பு மிகுந்த அம்பு இடப்புறமும் குறைந்த அம்பு வலப்புறமும் விலகும். முனை பாரமானால் நெளிவு கூடும். நீளத்தைக் குறைத்தால் நெளிவு குறையும். இவ்வாறு எய்து பார்த்தே திருத்துவர். ஒரு வில்லுக்குப் பழுதான அம்பு மற்றொன்றுக்கு மிக நல்ல அம்பாகலாம்.

சென்ற ஆண்டு ஒரு தந்தையார் என்னிடம் வந்தார். "மூத்தவனைப் படிப்பித்தது போலத்தான் இவனையும் படிப்பித்தோம், மாஸ்டர். இவனுக்கு ஏறவில்லை. மறித்துவிடவா?" என்றார். அவருடைய குரலில் கோபத்திலும் பார்க்கக் களைப்பே மிகுந்திருந்தது. நான் இந்த அம்பின் கதையைச் சொன்னேன். தமையனுடைய வில்லில் வைத்துத் தம்பியை எய்து பார்த்து, அவனைப் பழுதென்று எறிந்துவிடலாமா என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறாமற் சென்றார். ஆயினும் பையனை மறிக்கவில்லை. எந்த இடத்தில் அவன் முறிகின்றான் என்று பார்த்தோம். கணிதத்தில், அதிலும் பின்னங்களில். அந்த இடத்திற்கு மட்டும் மாலைவேளைகளில் வன்மரம் வைத்து வருகின்றோம். பசை இன்னும் உலரவில்லை.

பெற்றோரே, உலரும்வரை பொறுத்திருங்கள். ஈரத்தில் இழைத்த அம்பு எவ்வில்லுக்கும் உதவாது.